பெண்டில் விரிசல் கண்டால்: முதலில் இடம், திசை, அப்புறம்தான் கணக்கு

மணலி, எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் பிளான்ட்டில் மெயின்டனன்ஸிலோ இன்ஸ்பெக்ஷனிலோ வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அழுத்தத்தில் ஓடும் குழாய் லைனின் பெண்டில் (குழாய் திரும்பும் வளைவுத் துண்டில்) விரிசல் என்று தகவல் வந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் எத்தனை நாள் தாங்கும்?" அதற்குப் பதில் சொல்ல முடியும். ஆனால் விரிசலின் நீளமும் ஆழமும் மட்டும் போதாது. பெண்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது, உள்ளிருந்து கிளம்பியதா வெளியிலிருந்தா? இந்த மூன்றும் தெரிந்தால்தான் அதை வளர்ப்பது எது என்று தெரியும். வளர்ப்பது எது என்று தெரியாமல் போட்ட கணக்கை நம்பி லைனை ஓட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பக்கத்தில் ஆள் நடமாடும் லைன் அது.

பெயர்களைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். பெண்டின் முதுகுப்புறம் வெளிவளைவு. இடுக்குப்புறம் உள்வளைவு. இரண்டுக்கும் நடுவே இருபுறமும் இருப்பது விலா. குழாய் போகும் போக்கில் ஓடும் விரிசல் நீளவாக்கு. வளையம் மாதிரிச் சுற்றிப் போவது சுற்றுவாக்கு.

கை வைக்கும் முன்

லைன் அழுத்தத்தில் இருக்கும்போது லேகிங்கை (குழாய் மேல் சுற்றிய வெப்பக் காப்பை) பிரிக்காதீர்கள், துருவைச் சுரண்டாதீர்கள், சுத்தியலால் தட்டிப் பார்க்காதீர்கள். ஈரக்கசிவு தெரிந்தாலே ஆட்களை விலக்கி, அழுத்தத்தைக் குறைத்து, ஐசொலேட் செய்துவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். சாரம் கட்டுபவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். முதலில் மேலே ஏறுவது அவர்கள்தான்.

இன்னொன்று: சாதாரண தடிமன் மீட்டர் விரிசலைக் காட்டாது. அதன் ஒலி அலை சுவருக்கு நேர் செங்குத்தாகப் போய்த் திரும்புகிறது. விரிசலும் அதே திசையில் நிற்பதால் அலை அதன் ஓரமாக நழுவிப் போய்விடும். "தடிமன் நல்லாத்தானே இருக்கு சார்" என்று ரீடிங் ஷீட்டைக் காட்டினால், அது விரிசல் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. சாய்கோணப் புரோப் வேண்டும். நீளவாக்கு விரிசலைத் தேட அதைக் குழாயைச் சுற்றி ஓட்ட வேண்டும். சுற்றுவாக்கு விரிசலைத் தேட நீளத்தில் ஓட்ட வேண்டும். காந்தத்துகள் சோதனையிலும் இதே கதைதான். யோக்கை (கையில் பிடிக்கும் மின்காந்தத்தை) ஒரு திசையில் மட்டும் வைத்துவிட்டு இறங்கினால் பாதி விரிசல்கள் கண்ணில் படாது.

அறிகுறி: விலாவில், நீளவாக்கில், உள்ளிருந்து கிளம்பிய விரிசல்

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது இது. பெண்டுக்கே உரிய விரிசல், நேர் குழாயில் இப்படி வராது.

ஒரு உதாரணம். 8 அங்குல, ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமன் வகை) கார்பன் ஸ்டீல் லைன், லாங் ரேடியஸ் பெண்ட் (வளைவு ஆரம் குழாய் அளவைப் போல ஒன்றரை மடங்கு), 40 பார் அழுத்தம். சுவர் 8.18 மி.மீ. நேர் குழாயில் சுற்றுத் தகைவு (சுவரைச் சுற்றுவாக்கில் இழுக்கும் விசை, பரப்பளவுக்கு இவ்வளவு என்று) சுமார் 52 மெகாபாஸ்கல். அதே அழுத்தத்தில் பெண்டின் உள்வளைவில் அது 65 ஆக ஏறுகிறது. வெளிவளைவில் 45 ஆக இறங்குகிறது. விலாவில் நேர் குழாயின் அளவே. அழுத்தம் மட்டும்தான் காரணம் என்றால் உள்வளைவுதான் முதலில் வாட வேண்டும். பிறகு ஏன் விலாவில் கிழிகிறது?

பெண்ட் வட்டமாக நிற்பதில்லை என்பதுதான் விஷயம். குழாயை வளைக்கும்போதே முதுகு கொஞ்சம் தட்டையாகி, குறுக்குவெட்டு விலாப்பக்கம் நீண்ட முட்டை வடிவமாகிறது. உள்ளே அழுத்தம் ஏறினால் அந்த முட்டையைத் திரும்ப வட்டமாக்கப் பார்க்கும். அப்போது விலாவின் உட்சுவர் இழுபடுகிறது. அழுத்தம் இறங்கினால் தளர்கிறது. ஒவ்வொரு ஸ்டார்ட்டும் ஸ்டாப்பும் ஒரு இழுப்பு. உள்ளழுத்தம் தாங்கும் பெண்டுக்கு 8 சதவீதம் வரை முட்டைத்தனம் விதிப்படி செல்லும். பல வருடம் ஏறி இறங்கும் லைனில் அந்த 8 சதவீதமே கணிசமான தகைவு.

இதோடு லைன் சூடாகி நீள்வதால் பெண்ட் மடங்குவதும் விரிவதும் சேர்கிறது. விரியும்போது குறுக்குவெட்டு பெண்டின் தளத்திலேயே நீண்டு, விலாவின் உட்சுவரை இழுக்கும். மடங்கும்போது நேர்மாறு: விலாவின் வெளிச்சுவர் இழுபடும். நம் உதாரணப் பெண்ட் நேர் குழாயைவிட ஏழு மடங்குக்கும் மேல் எளிதாக மடங்கக்கூடியது. குழாய் விதிகளின்படி அதன் தகைவுப் பெருக்கக் காரணி 2.4க்குக் கொஞ்சம் மேல். இந்த எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அது சுற்று வெல்டோடு ஒப்பிட்டு வைத்த எண். விலாவின் உண்மையான உள்ளூர்த் தகைவு அதைப் போல சுமார் இரண்டு மடங்கு இருக்கும். ஸ்ட்ரெஸ் ரிப்போர்ட்டில் வந்த தகைவை அப்படியே எடுத்து விரிசல் கணக்கில் போட்டால் உண்மைத் தகைவில் பாதியைத்தான் போட்டதாகும். ஆயுள் தகைவின் மும்மடிக்கு (தன்னைத்தானே மூன்று முறை பெருக்கியதற்கு) எதிர்விகிதத்தில் ஓடுவதால், அந்தப் பாதி ஆயுளை எட்டு மடங்காக ஊதிக் காட்டும்.

சரி, எவ்வளவு வேகமாக வளரும்? இங்கே பாரிஸ் விதி என்ற விரிசல் வளர்ச்சிச் சூத்திரம் உதவுகிறது. ஒவ்வொரு சுழற்சிக்கும் விரிசல் எவ்வளவு நகரும் என்பது தகைவுச் செறிவின் (விரிசல் முனையில் தகைவு குவியும் அளவின்) வீச்சைப் பொறுத்தது. ஃபெரைட் வகை ஸ்டீலுக்கு (நம் கார்பன் ஸ்டீலும் இதில் சேரும்) காற்றில் அந்த வீச்சின் மும்மடி. பொதுவாக எடுக்கும் கெட்டியான மதிப்பு: வீச்சை மெகாபாஸ்கல் ரூட் மீட்டரில் வைத்து மும்மடியாக்கி, 1.65ஆல் பெருக்கி, பத்துக் கோடியால் வகுத்தால் ஒரு சுழற்சிக்கான வளர்ச்சி மில்லிமீட்டரில் கிடைக்கும்.

விலாவின் உட்சுவரில் 2 மி.மீ. ஆழத்தில் ஒரு நீண்ட விரிசல். ஸ்டார்ட்-ஸ்டாப்பில் அங்கே தகைவு வீச்சு 180 மெகாபாஸ்கல் என்று வைப்போம். வடிவக் காரணி 1.12 என்றால் தகைவுச் செறிவின் வீச்சு சுமார் 16. ஒரு சுழற்சிக்கு மி.மீ.யின் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்கு. 2 மி.மீ.யிலிருந்து 4 மி.மீ. ஆக சுமார் 17,400 சுழற்சிகள். தினமும் ஒரு தடவை ஸ்டார்ட்-ஸ்டாப் செய்தாலும் 47 வருடம்! ஆழம் கூடக் கூட வடிவக் காரணியும் ஏறும் என்பதால் நிஜத்தில் குறையும், ஆனாலும் பத்தாண்டுக் கணக்குதான்.

இந்த 47 வருடத்தை நிம்மதியான செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதன் பயன் வேறு. போன ஷட்டவுனில் 2 மி.மீ., இந்த ஷட்டவுனில் 4 மி.மீ. என்று ரீடிங் வந்தால், ஸ்டார்ட்-ஸ்டாப் மட்டும் அதைச் செய்திருக்க முடியாது என்று இந்தக் கணக்கு அடித்துச் சொல்கிறது. வேறு ஒன்று வளர்க்கிறது. சந்தேகப்பட இரண்டு ஆட்கள்: அதிர்வு, உள்ளே ஓடும் திரவம்.

அதிர்வை எடுப்போம். பம்ப் டிஸ்சார்ஜ் பக்கம் வினாடிக்கு 10 தடவை ஆடும் லைன் ஒரு நாளில் 8,64,000 சுழற்சி ஆடிவிடும். விரிசல் நகர ஒரு கீழ்வரம்பு உண்டு. பாதுகாப்பாக எடுத்தால் தகைவுச் செறிவு வீச்சு 2. அதே 2 மி.மீ. விரிசலில் அதிர்வுத் தகைவு வீச்சு 20 மெகாபாஸ்கல் என்றால் தகைவுச் செறிவு 1.8தான் வரும். விரிசல் அசையாது. 30 மெகாபாஸ்கல் என்றால் 2.7. அப்போது நாளொன்றுக்குக் கால் மி.மீ.க்கு மேல் ஓடும். 20க்கும் 30க்கும் நடுவே 'என்றும் அசையாது' என்பதிலிருந்து 'ஒரு மாதத்தில் சுவர் துளை' என்ற நிலைக்குத் தாவுகிறது. இதற்காகத்தான் ஒரு கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா, சப்போர்ட் ஷூ பீமை விட்டு எழும்பி நிற்கிறதா என்று பார்ப்பதை ஃபிட்டரின் சில்லறை வேலையாக ஒதுக்கக் கூடாது என்கிறேன். பெண்டின் ஆயுளை முடிவு செய்வது அந்தக் கிளாம்பின் போல்ட்.

திரவம்தான் காரணம் என்றால் காற்றுக்கான இந்தக் கணக்கு செல்லாது. வேகம் பல மடங்கு கூடும். பாய்லரின் டவுன்கமர், ரைசர் (தண்ணீர் இறங்கும், ஏறும் குழாய்) பெண்டுகளில் விலாவின் உட்சுவரில் வரும் விரிசல் இந்த ரகம். அழுத்தம் ஏறும்போது உட்சுவரைக் காக்கும் கறுப்பு மேக்னடைட் (இரும்பு ஆக்சைடு) படலம் வெடிக்கிறது. வெறும் இரும்பைத் தண்ணீர் தின்கிறது. அடுத்த ஸ்டார்ட்டில் மறுபடி. வெட்டிப் பார்த்தால் விரிசல் ஊசிமுனையாக இல்லாமல் ஆக்சைடு நிரம்பி மொண்ணையாக இருக்கும். நீர் வேதியியலைச் சரி செய்யாமல் பெண்டை மட்டும் மாற்றினால், புதுப் பெண்டும் அதே வழியில் போகும்.

துளைத்துவிட்டால் என்ன ஆகும்? நம் உதாரணத்தில், கடினத்தன்மை உள்ள நல்ல ஸ்டீல் என்றால், நேர் குழாய் சூத்திரத்தை முதல் மதிப்பீடாக வைத்துப் பார்க்கும்போது, நீளவாக்கில் சுமார் 225 மி.மீ. வரை துளைத்த விரிசல் திடீரென்று கிழிந்து ஓடாமல் நிற்கும். ஆக, விரிசல் குட்டையாக இருக்கும்போதே துளைத்தால் முதலில் கசியும், கண்ணில் படும். உட்சுவரில் அரை மீட்டர் நீளத்துக்கு ஆழமில்லாமல் ஓடி, பிறகு ஒரே நேரத்தில் துளைத்தால் கசிவு என்ற முன்னறிவிப்பே கிடைக்காது. அதனால் விலா விரிசலில் ஆழத்தை அளந்தது போதும் என்று இறங்கிவிடாதீர்கள். இரண்டு முனைகளையும் தேடிக் கண்டுபிடித்து மார்க் செய்யுங்கள்.

அறிகுறி: வெளிவளைவு மெலிந்திருக்கிறது, விரிசல் எதுவும் இல்லை

விரிசல் இல்லை என்று சந்தோஷப்பட வேண்டாம். விரிசலைவிட எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். விரிசல் பெரும்பாலும் கசிந்து எச்சரிக்கும். ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மெலிந்த சுவர் எச்சரிக்காது, மொத்தமாகப் பிளக்கும். 1986 டிசம்பர் 9இல் அமெரிக்காவின் சர்ரி (Surry) அணுமின் நிலையத்தில் 18 அங்குலப் பெண்ட் அப்படித்தான் வெடித்தது. சூடான நீர் கொட்டி நான்கு பேர் இறந்தார்கள். அணு உலையோடு சம்பந்தமே இல்லாத, சாதாரண கார்பன் ஸ்டீல் நீர்க் குழாய் அது. ஆக்சிஜன் நீக்கிய சுடுநீர் பெண்டில் சுழன்று போகும்போது காப்புப் படலத்தைக் கரைத்துக்கொண்டே போகிறது. சுமார் 150 டிகிரி செல்சியஸ் பக்கம் இது உச்சம். ஸ்டீலில் சிறிதளவு குரோமியம் இருந்தாலே பெருமளவு அடங்கிவிடும். அனல்மின் நிலையங்களின் ஃபீட் வாட்டர் லைன்கள் எல்லாமே இந்த வெப்பநிலையைக் கடந்துதான் போகின்றன.

மெலிவு சீராக இருக்கும் என்றும் எண்ணாதீர்கள். 2019 ஜூன் 21இல் பிலடெல்பியா ரிஃபைனரியில் உடைந்த பெண்டின் சுவர் 0.3 மி.மீ.யாகக் கரைந்திருந்தது. பக்கத்துக் குழாய்கள் நல்ல தடிமனோடு இருந்தன. அந்த ஒரு பெண்டில் மட்டும் நிக்கலும் செம்பும் அதிகம். ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் அதைத் தனியாகத் தின்றிருக்கிறது. தடிமன் அளக்கும் புள்ளி அந்தப் பெண்டில் இல்லை. லைனில் ஒரு பெண்டை அளந்துவிட்டு மற்றதெல்லாம் அதே மாதிரிதான் இருக்கும் என்று ரிப்போர்ட் எழுதும் பழக்கத்துக்கு இதைவிடப் பெரிய பதில் தேவையில்லை.

என்ன செய்யலாம்: வெளிவளைவில் ஒரு புள்ளி போதாது, கட்டம் போட்டு அளங்கள். வளைக்கும்போதே வெளிவளைவு கொஞ்சம் மெலியும், உள்வளைவு தடிக்கும். அதனால் முதல் ரீடிங் இல்லாமல் இப்போதைய ரீடிங்கை மட்டும் வைத்துத் தேய்மான வேகம் சொல்ல முடியாது. வால்வு, ஆரிஃபிஸ் (ஓட்டத்தைக் குறுக்கும் துளைத்தகடு), தண்ணீர் ஊசி போடும் (லைனுக்குள் தண்ணீர் செலுத்தும்) இடம் ஆகியவற்றை அடுத்து வரும் பெண்டை முதலில் பாருங்கள். 2001 ஏப்ரல் 16இல் இங்கிலாந்தின் ஹம்பர் ரிஃபைனரியில் உடைந்தது தண்ணீர் ஊசி போடும் இடத்தை ஒட்டிய பெண்ட்தான்.

அறிகுறி: பெண்ட்டின் வெல்டில் சுற்றுவாக்கு விரிசல்

சுற்றுவாக்கு விரிசலை அழுத்தம் வளர்ப்பது குறைவு. குழாயை வளைக்கும் விசைதான் வளர்க்கும். எனவே பெண்டைப் பார்க்கும் முன் சப்போர்ட்டைப் பாருங்கள். ஹாங்கரின் (குழாயைத் தொங்கவிடும் ஸ்பிரிங் தாங்கியின்) முள் சூடான நிலையில் எங்கே நிற்கிறது, குளிர்ந்த நிலையில் எங்கே? ஒரு பக்கம் முட்டிக்கொண்டு நின்றால் அது சப்போர்ட்டாக இல்லை.

எண்ணூர் பக்கம் பல இடங்கள் சதுப்பைத் தூர்த்து எழுந்தவை. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் ஓடும் தாழ்ந்த நிலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலியும் எண்ணூரும் தண்ணீரில் நின்றதைப் பார்த்தோம். அப்படி ஒரு மழைக்குப் பிறகு பைப் ராக்கின் (குழாய்களைத் தாங்கும் சட்டத்தின்) கால்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டு இறங்கியிருக்கிறதா என்று லெவல் எடுப்பது நல்லது. ஒரு கால் சில மில்லிமீட்டர் இறங்கினாலும், வளைந்துகொடுக்காத குட்டையான லைனில் அந்த இறக்கம் முழுவதும் பக்கத்து வெல்டின் மேல் ஏறும்.

விரிசல் எந்தப் பக்கத்தில் திறக்கிறது என்பது பெண்ட் மடங்குகிறதா விரிகிறதா என்பதைக் காட்டும். இரு முனையும் பிடித்து நிறுத்திய எல் வடிவ லைன் சூடேறினால் பெண்ட் மடங்கும்; வெளிவளைவில் இழுப்பு. வெளிவளைவுப் பக்கம் விரிசல் என்றால் சூடேறும் பாதியையும், உள்வளைவுப் பக்கம் என்றால் குளிரும் பாதியையும் சந்தேகப்படுங்கள். இன்னொரு விஷயம்: மடங்கும் பெண்ட் தட்டையாகித் தட்டையாகி பலவீனமடையும்; விரியும் பெண்ட் மாறாகக் கெட்டிப்படும். அதனால் மடங்கும் பக்கம் உடைக்கத் தேவையான விசை குறைவு. சின்ன விரிசல் இருந்தால் அந்தத் தட்டையாதலே முந்திக்கொள்ளும், விரிசலின் பங்கு பெரிதாகத் தெரியாது. ஒரு எல்லையைத் தாண்டி நீண்ட பிறகு விரிசல்தான் ஆட்சி செய்யும்.

இங்கே லீக் கிளாம்ப் போடுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சுற்றுவாக்கு விரிசலுக்கு மேல் சும்மா ஒரு பெட்டி கிளாம்ப் போட்டால் கசிவு நிற்கும், விரிசல் நிற்காது. கிளாம்ப் உள்ளேயே அது முழுச்சுற்றும் ஓடிக் குழாய் அறுந்தால், 8 அங்குல லைனில் 40 பாரில் பிரித்துத் தள்ளும் விசை சுமார் 15 டன். அந்த விசையைத் தாங்கும்படி இழுவைக் கம்பிகளோடு வடிவமைத்த கிளாம்ப் அல்லாத எதையும் சுற்றுவாக்கு விரிசலில் ஒத்துக்கொள்ளாதீர்கள். புரொடக்ஷன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

அறிகுறி: எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பெண்டில் மரக்கிளை மாதிரி விரிசல், லேகிங்குக்கு அடியில்

கடற்கரையோரத்தில் இருக்கும் நமக்கு இது சொந்தப் பிரச்சினை. லேகிங்குக்கு மேல் போர்த்தும் கிளாடிங் தகடு பெண்டில் துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்தது. அந்தச் சந்துகளில் சீலன்ட் காய்ந்து விழுந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை உப்புக்காற்றோடு உள்ளே இறங்கும். லைன் சூட்டில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். அடுத்த மழையில் இன்னும் கொஞ்சம். 304, 316 ரக எஸ்.எஸ். சுமார் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இந்த உப்பில் விரிசல் விடும்.

பிரித்துப் பார்க்கும்போது குழாய் பளபளவென்று புதிது போலவே இருக்கும். லேகிங் பஞ்சு மட்டும் கொத்தாகக் கறுத்து, குழாயில் ஒட்டிய இடத்தில் பழுப்பாகத் திட்டுத் திட்டாகக் கறை. அந்தத் திட்டைத் துடைத்துவிட்டு டி.பி. (விரிசலுக்குள் ஊறும் சிவப்புச் சாயச் சோதனை) போட்டால் வெள்ளை டெவலப்பரின் மேல் முதலில் ஒரு சிவப்புப் புள்ளி. பிறகு புள்ளியிலிருந்து மயிரிழை. ஒரு நிமிடம் பொறுத்தால் இழையிலிருந்து இழை பிரிந்து கிளைவிடும். அவசரப்பட்டு உடனே துடைத்துவிட்டால் அந்தப் புள்ளியைத் துருப்புள்ளி என்று எழுதிவிட்டு வந்துவிடுவோம். பொறுத்துப் பாருங்கள். கிளையும் திட்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

இதற்கு பாரிஸ் விதி உதவாது. சுழற்சியே தேவையில்லை, வளைத்தபோதும் வெல்ட் அடித்தபோதும் உள்ளே தங்கிய இழுவிசையும் உப்பும் சூடும் போதும். 'இன்னும் எத்தனை ஸ்டார்ட் தாங்கும்' என்ற கேள்விக்கு இங்கே அர்த்தம் இல்லை. கிளைவிட்ட விரிசலின் ஆழத்தை யூ.டி.யில் (ஒலி அலைச் சோதனையில்) அளப்பதும் நம்பகமில்லை. கிரைண்ட் செய்து வெல்ட் அடித்தால் அந்தச் சூட்டிலேயே பக்கத்தில் இன்னொன்று ஓடும். பெண்டை வெட்டி மாற்றுவதுதான் சரி. மாற்றும்போது அலுமினியம் ஃபாயில் சுற்றியோ தகுந்த கோட்டிங் போட்டோ லேகிங் போடுங்கள். குளோரைடு குறைந்த லேகிங் பொருளா என்று சான்றிதழைப் பாருங்கள். முக்கியமாக, கிளாடிங் சந்துகளை மழைக்காலத்துக்கு முன் புரட்டாசியிலேயே அடைத்துவிடுங்கள். பெண்டின் மேல்பக்கச் சந்தும் செங்குத்துக் குழாய் இறங்கிச் சேரும் சந்தும்தான் தண்ணீர் புகும் வாசல்.

கார்பன் ஸ்டீலுக்கும் லேகிங் அடியில் அரிப்பு வரும், ஆனால் அது விரிசலாகாமல் அடுக்கடுக்காகப் பொரியும். அது தடிமன் கணக்கு.

அறிகுறி: உட்சுவரில் வலைபோல் நுண்ணிய விரிசல்கள்

சூடான ஓட்டமும் குளிர்ந்த ஓட்டமும் கலக்கும் 'டீ'க்கு (T வடிவ இணைப்புக்கு) அடுத்த பெண்டில் இது வரும். எஸ்.எஸ். மேற்பரப்பில் திடீரென்று ஒரு டிகிரி மாறினால் சுமார் 4.7 மெகாபாஸ்கல் தகைவு. 50 டிகிரி அடித்தால் 235. அது வினாடிக்கு ஒரு தடவை, அரை தடவை என்று இடைவிடாமல் அடிக்கும். 1998 மே மாதம் பிரான்ஸின் சிவோ அணுமின் நிலையத்தில் புதிதாக இயங்கத் தொடங்கியிருந்த உலையின் பெண்ட் இப்படித்தான் துளைத்து மணிக்கு சுமார் 30 கனமீட்டர் நீர் கசிந்தது.

கணிப்பில் ஒரு நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் உண்டு. வெப்பத் தகைவு மேற்பரப்பில்தான் உச்சம். ஆழம் போகப் போகக் குறையும். எனவே வலையில் உள்ள பெரும்பாலான விரிசல்கள் கொஞ்சம் இறங்கி நின்றுவிடும். ஆனால் அவற்றில் ஏதாவது ஒன்று அழுத்தத்தின் இழுவிசைக்கோ வெல்டில் தங்கிய இழுவிசைக்கோ நேர்செங்குத்தாக அமைந்தால் அது மட்டும் தனியாகப் போய்க்கொண்டே இருக்கும். எனவே சராசரி ஆழத்தைப் பார்க்காதீர்கள். மற்றவற்றைவிட நீண்டிருக்கும் அந்த ஒன்றைத் தேடுங்கள். சாதாரண தெர்மோகப்பிள் இந்த வேகமான ஏற்ற இறக்கத்தைக் காட்டாது. குழாய் வெளிச்சுவரில் சராசரி வெப்பம்தான் தெரியும். கன்ட்ரோல் ரூமில் கோடு நேராக இருக்கிறது என்பதால் உள்ளே அமைதி என்று ஆகிவிடாது.

அறிகுறி: மெயின் ஸ்டீம் பெண்டின் வெளிவளைவில், வெளிச்சுவரில் ஆரம்பம்

540 டிகிரி செல்சியஸில் ஓடும் லைன் என்றால் இது க்ரீப், அதாவது சூட்டில் தொடர்ந்த இழுப்பால் உலோகம் மெல்ல நீண்டு தளர்வது. சுழற்சி எண்ணிக்கையை விட்டுவிட்டு ஓடிய மணிகளையும் வெப்பநிலையையும் எடுங்கள். விரிசலாகத் தெரியும் முன்பே படிகங்களின் எல்லையில் நுண்துளைகள் தோன்றும்; தனித்தனித் துளை, வரிசைத் துளை, நுண்விரிசல், கண்ணுக்குத் தெரியும் விரிசல் என்று படிப்படியாக. ரெப்ளிகா (மெருகேற்றிய மேற்பரப்பின் அச்சுப்படி) எடுத்தால் எந்தப் படியில் இருக்கிறோம் என்று தெரியும். ஒரே இடத்தில் ஒவ்வொரு ஓவர்ஹாலிலும் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். வரிசைத் துளை தெரிந்தாலே மாற்றுப் பெண்டுக்கு ஆர்டர் போடும் நேரம். குரோம்-மாலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) பெண்ட் நினைத்த மாதத்தில் வந்து சேராது. ஸ்டீம் லைனில் வெல்ட் ரிப்பேர் என்றால் ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிகள்) அனுமதி வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அறிகுறி: அமீன், காஸ்டிக், சோர் (ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த) லைனில் வெல்டை ஒட்டி விரிசல்

வெல்டுக்குப் பிறகு ஹீட் ட்ரீட்மென்ட் செய்யாத பெண்ட்தானா என்று பாருங்கள். குளிர்நிலையில் வளைத்ததா என்றும். சோர் லைனில் கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் 22ஐத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம். காஸ்டிக், அமீன் லைனைச் சரியாகக் கழுவாமல் ஸ்டீம் அவுட் செய்ததாலேயே விரிசல் விட்டதுண்டு. இங்கே வளர்ச்சி வேகத்தைக் கணிக்க முயல வேண்டாம், எடுத்து மாற்றுங்கள்.

ரிப்பேரா, ஓட்டமா என்று முடிவு செய்யும்போது

ஆழமில்லாத விரிசல் என்றால் கிரைண்ட் செய்து எடுத்துவிடலாம், மீதித் தடிமன் போதுமானால். உள்வளைவில் 65 மெகாபாஸ்கல் வந்ததை நினைவில் வையுங்கள். நேர் குழாயின் குறைந்தபட்சத் தடிமனை அப்படியே உள்வளைவுக்குப் போட்டுவிடாதீர்கள். கிரைண்ட் செய்த குழியின் அடியில் மறுபடி காந்தத்துகள் சோதனை செய்து விரிசலின் வேர் போய்விட்டதை உறுதிப்படுத்துங்கள். ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றும் சோதனை) பாஸ் ஆனது என்றால், அந்த அழுத்தத்தில், அந்த வெப்பநிலையில், அன்றைக்கு உடையும் அளவுக்கு விரிசல் இல்லை என்று மட்டுமே அர்த்தம்.

ஓட்டுவது என்று முடிவானால், கணித்த மீதி ஆயுளில் பாதிக்குள் மறுபரிசோதனை. ஐசோமெட்ரிக் வரைபடத்தில் பெண்ட் எண், கடிகார முள் நிலை, வெல்டிலிருந்து தூரம், விரிசலின் இரு முனைகள், எந்தப் புரோப், எந்தக் கோணம் என்று எல்லாம் எழுதுங்கள். அடுத்த தடவை வேறு ஒருவர் அதே இடத்தில் புரோப் வைக்க முடிய வேண்டும். அதே லைனில் அதே ஓட்டம், அதே வெப்பம், அதே சப்போர்ட் உள்ள மற்ற பெண்டுகளையும் அந்த ஷட்டவுனிலேயே திறந்து பாருங்கள். சாரம் ஏற்கெனவே கட்டியிருக்கும்.